ஏழாம் நம்பர் லைன்

கொட்டகலைக் கடைவீதியில், ரயில் நிலையத்துக்குத் திரும்பும் முடக்கில், ஒரு போட்டோக்கொப்பி மெஷினும் நான்கு பிளாஸ்டிக் கதிரையும் போட்ட கடை என்னுடையது. பெயர்ப்பலகையில் வேறென்னவோ பெயர் இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. படிவத்துக்கு இங்கே ஃபோம் என்பார்கள், 'ஃபோம் சிவசாமி' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி, பாஸ்போர்ட் எதுவானாலும் சரி, படிவத்தை என் முன்னால் வைத்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சடித்ததுபோல நிரப்பிக் கொடுப்பேன். முப்பத்தொரு வருடத்தில் நான் நிரப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். போன வருடம் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

சுதர்ஷினியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். என்ன செய்ய, அவள் கதைக்குள் என் கை போய்விட்டது.

அவள் மேற்பிரிவு ஏழாம் நம்பர் லயத்துப் பிள்ளை. கடைவீதியிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏறவேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் எங்கள் ஆட்களைக் குடிவைக்க வரிசையாகக் கட்டின வீடுகளுக்கு அவன் வைத்த பெயர் லைன். எங்கள் வாயில் அது லயம் ஆயிற்று. ஆனால் படிவத்தில் எழுதும்போது லைன் என்றுதான் எழுதுவோம். லைன் நம்பர் இத்தனை, இன்ன பிரிவு, இன்ன தோட்டம், கொட்டகலை. தெருவும் கிடையாது, வீட்டிலக்கமும் கிடையாது, அவ்வளவுதான் எங்கள் விலாசம். எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ, கை தானாகவே எழுதும்.

பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு வந்தபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். கூட வந்த அவள் அம்மா அழகம்மா தேயிலைக் கொழுந்துக்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, நான் எழுதுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படிவத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடு என்றேன். இந்தப் பிள்ளை போடவில்லை. மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தது. "மாமா, என் பேருல ஒரு எழுத்துக் கொறையுதுங்க" என்றது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எண்ணிப் பார்த்தால் குறைகிறதுதான். வேறு படிவம் எடுத்து எழுதினேன். என் எழுத்தில் பிழை கண்டுபிடித்த ஒரே ஆள் அவள். அதனாலேயே அவள்மேல் எனக்கு ஒரு மரியாதை.

உயர்தரப் பரீட்சை சித்தியடைந்து கொழும்புக்குப் போனாள். முதலில் ஒரு புடவைக்கடையில் நின்றாள், பிறகு ஒரு காப்புறுதிக் கம்பனியின் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆட்கள் தமிழில் எழுதுகிற கடிதங்களை வாசித்துக் கணினியில் பதிந்து பதில் எழுதுகிற வேலை. பத்து வருடமாக அதுதான். நடுவில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளையைப் பற்றி இங்கே எழுதினால் என் வாய் கெட்டுப்போகும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போனவன் போனவன்தான். அந்த வருடமே அழகம்மாவும் போய்ச்சேர்ந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதமானதும் அக்காள் நாகலெட்சுமியிடம் விட்டுவிட்டு, பால் கட்டின மார்போடு சுதர்ஷினி ரயில் நிலையத்தில் கொழும்புக் கோச்சி ஏறினாள். வேறு வழி இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை.

பிள்ளையின் பெயர் ஆர்த்திகா. அதன் பிறப்புச் சான்றிதழுக்கும் நான்தான் எழுதினேன். நாகலெட்சுமி கொழுந்து எடுக்கிறவள், அவளுக்கு இரண்டு பையன்கள். அவர்கள் சுதர்ஷினியைச் சித்தி என்று கூப்பிடுவார்கள், அதுதானே முறை. அவர்களோடு வளர்ந்த ஆர்த்திகாவும் அதையே பிடித்துக்கொண்டது. நாகலெட்சுமி அதற்கு அம்மா. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிஸ்கட் பெட்டியோடு வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற பெற்ற தாய், சித்தி. நாகலெட்சுமி எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தாள். பிள்ளை தலையை ஆட்டும், மறுபடியும் சித்தி என்றுதான் கூப்பிடும். ஐந்து வயசுப் பிள்ளையை அடித்தா திருத்த முடியும்.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை சுதர்ஷினி மலைக்குப் போகும் வழியில் கடைக்குள் வந்தாள். முகம் நன்றாக இருந்தது. கம்பனி தமிழ்ப் பிரிவில் ஆறு பேரை வீட்டிலிருந்தே வேலை செய்ய விடப்போகிறதாம். ஜூன் முதலாம் திகதி ஆரம்பம். வீட்டில் கணினி இருக்கவேண்டும். சொந்தப் பெயரில், வீட்டு விலாசத்தில், நிலையான இணைய இணைப்பு இருக்கவேண்டும். மே முப்பதாம் திகதி கம்பனியிலிருந்து பேசிப் பரிசோதிப்பார்கள், தேறினால் பட்டியலில் பெயர், இல்லாவிட்டால் கொழும்பிலேயே இருக்கவேண்டியதுதான்.

"கெடச்சிட்டா நான் மலைக்கே வந்துருவேன் மாமா" என்றாள். "புள்ள என்னய அம்மான்னு கூப்புடும்ல."

எதில் இணைப்பு எடுப்பது என்று தேட ஆரம்பித்தோம். 'தோம்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், நானும் வேலைமெனக்கெட்டு அலைந்தேன். கைத்தொலைபேசிக் கம்பனிக்காரனின் வரைபடத்தில் எங்கள் மலை முழுக்கச் சிக்னல் இருக்கிறது. வரைபடத்தில்தான் இருக்கிறது. ஏழாம் நம்பர் லயம் ஒரு மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது, அங்கே சிக்னல் வேண்டுமென்றால் காளியம்மன் கோயில் மூலைக்குப் போய் நிற்கவேண்டும். தெரிந்த ஒருவரிடம் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னலில் வைத்தார்கள், கூரைக்கு ஏற்றினார்கள், கம்பில் கட்டிப் பிடித்தார்கள். கொழும்பிலிருக்கும் சிநேகிதி ஒருத்தியோடு முகம் பார்த்துப் பேசிச் சோதித்தாள். பாதியில் படம் நின்றுபோய், சுதர்ஷினி வாயைத் திறந்தபடி அப்படியே இருக்கிறாளாம். பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அரைமணி நேரத்தில் அது நான்காவது தடவை நின்றபோது அவள் சிரிக்கவில்லை.

பழைய தொலைபேசிக் கம்பியைப் பற்றி விசாரித்தால், அது இப்போது யாருக்கும் புதிதாக இழுப்பதில்லை என்றார்கள். வானத்திலிருந்து வாங்குகிற தட்டு ஒன்று வந்திருக்கிறது, ஹட்டன் பக்கம் ஒரு பாதிரியார் வைத்திருக்கிறார். அவரிடம் விலை கேட்டுக்கொண்டு வந்தேன். அந்தக் காசுக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம், மாடாவது பால் கொடுக்கும். மிச்சமிருந்தது ஃபைபர் ஒன்றுதான். பெரிய ரோட்டிலிருந்து தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவுக்கு ஏற்கெனவே ஃபைபர் கம்பி ஏறியிருந்தது. அங்கிருந்து ஏழாம் நம்பர் லயத்துக்கு ஆறு போஸ்ட் நட்டால் போதும்.

ஆறு போஸ்ட் நட ஆறு குழி வேண்டும். குழி வெட்ட மண் வேண்டும். மண் எங்களுடையதா? நாலு தலைமுறையாக அந்த மண்ணில் கிடக்கிறோம், செத்தாலும் அதில்தான் புதைக்கிறார்கள், ஒரு போஸ்ட் நட வேண்டுமென்றால் துரையின் கடிதம் வேண்டும். நாகலெட்சுமி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கேட்டாள், கந்தோருக்கு, அதாவது தோட்ட ஆபீசுக்கு, போகச் சொன்னார்கள். கந்தோருக்குப் போய் நின்றதில் கொழுந்து நிறை குறைந்து அன்றைக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. துரை கெட்ட மனுஷன் இல்லை. தன்னால் முடியாது, கொழும்புத் தலைமைக் கந்தோர்தான் கொடுக்கவேண்டும் என்று கையை விரித்தார். அந்தக் கந்தோர் சுதர்ஷினி வேலை செய்கிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. பகல் சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் அங்கே போய் வாசலில் உட்கார்ந்திருந்து, நான்காவது நாள் கடிதத்தோடு வந்தாள். மலையில் இருக்கிற துரையிடம் வாங்க முடியாததைக் கொழும்பில் உட்கார்ந்து வாங்கிவிட்டாள், கெட்டிக்காரி என்று நான் கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை விண்ணப்பம் நிரப்பினோம். தலைமைக் கந்தோர் கடிதம், கிராம சேவகர் அத்தாட்சி, அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் பின் அடித்து வைத்தாயிற்று. அவளுக்கே எழுதத் தெரியும். ஆனாலும், "உங்க கையால எழுதுங்க மாமா, ராசியான கை" என்றாள். நானும் உச்சி குளிர்ந்துபோய்ப் பேனாவைத் திறந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், வேலைநாட்களில் பேசுவதற்கு நாகலெட்சுமியின் தொலைபேசி எண். அடுத்த கட்டம், 'லைன் நம்பர், இருந்தால்'. இருந்தால் என்று வேறு கேட்கிறான் பார், இல்லாமல் எங்கே போகும், நூற்றைம்பது வருடமாக அதில்தானே கிடக்கிறோம் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு 7 என்று எழுதினேன். ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவது என் பழக்கம், ஒன்று என்று யாரும் மயங்கக்கூடாது பாருங்கள். அந்தக் கோட்டையும் போட்டேன்.

சுதர்ஷினி வழக்கம்போல மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தாள். எல்லாம் சரி மாமா என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு கிழமை கழித்து இணையக் கம்பனியிலிருந்து நாகலெட்சுமிக்கு ஒரு அழைப்பு வந்தது. கோயில் மூலையில் நின்று பேசியிருக்கிறாள். பேசினது ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாகலெட்சுமி அன்றைக்கே கடைக்கு வந்து, அந்தப் பிள்ளை பேசின மாதிரியே பேசிக்காட்டினாள்.

"உங்கட வீட்டில லைன் இருக்குதோ?"

"லயன்லதாங்க இருக்கோம். ஏழாம் நம்பருங்க."

"லைனில ஏதும் பிரச்சினை இருக்குதோ? மழைக்குப் பழுதாகுமோ?"

"மழ பேஞ்சா ரொம்ப மோசங்க."

"சரி அம்மா. அதை வாற ஆக்கள் பாத்துச் செய்வினம்."

நாகலெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் இத்தனை வருடமாகக் கேட்டும் ஒழுகுகிற தகரத்தை மாற்றித் தரவில்லை, கம்பி போட வருகிறவன் கூரையையும் பார்த்துச் செய்கிறானாம். எனக்கு அது கொஞ்சம் இடித்தது. இடித்ததே தவிர, யோசிக்கவில்லை. இந்தக் காலத்துக் கம்பனிகள் விளம்பரத்துக்காக என்னென்னவோ செய்கிறார்கள் என்று அவளுக்கு விளக்கம் வேறு கொடுத்து அனுப்பினேன். அந்த இடத்தில் என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியாது.

மே நடுவில் சுதர்ஷினி இரண்டு கிழமை லீவு போட்டு வந்தாள். கொழும்பில் யாரோ பாவித்த கணினி ஒன்றை வாங்கி, கோச்சியில் திரையை மடியிலும் பெட்டியைக் காலுக்கடியிலும் வைத்துக்கொண்டு கொட்டகலை வரைக்கும் வந்திருக்கிறாள். இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையை ஒட்டிய காம்பரா அறையில் ஜன்னல் பக்கம் மேசை போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் ஏறாமல் இருக்கக் கணினிக்குத் துவாய் போர்த்தி வைத்தாள். அந்தப் பத்து நாளும் பிள்ளையைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, முன்பள்ளிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவள்தான். அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிள்ளை நேராகவே கேட்டிருக்கிறது, நீங்கள் போய்விடுவீர்கள்தானே என்று. கம்பி வந்துவிட்டால் போகமாட்டேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அது, "அப்ப கம்பி வந்தாப் பெறகு கூப்புடுறேன்" என்றதாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள்.

மே இருபத்தேழாம் திகதி காலையில் இணையக் கம்பனி வான் வந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே ஏறிப் போனேன். என்னமோ கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு போனேன். வந்தவர் சுனில் என்று ஒரு சிங்களவர், கினிகத்தேனைப் பக்கம். நல்ல மனுஷன். இறங்கினதும் ஒரு சின்னப் பெட்டியும் கையில் சுற்றின கொஞ்சம் வயரும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கூரை ஓரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு லைன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். இதுதான் லைன் என்று சுதர்ஷினி சொன்னாள். அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார். நாகலெட்சுமி அவர் ஒழுக்கைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, ஓட்டையைக் கையால் காட்டினாள்.

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். என் எழுத்து. அச்சடித்ததுபோல இருந்தது. விரலை வைத்து அந்தக் கட்டத்தைக் காட்டினார். வீட்டுக்கு ஏற்கெனவே தொலைபேசி லைன் இருந்தால் அதன் இலக்கத்தை எழுதவேண்டிய கட்டம் அது. இலக்கம் எழுதியிருந்தால் அந்த வீட்டுக்குக் கம்பியும் போஸ்ட்டும் ஏற்கெனவே உண்டு என்று அர்த்தம், பின்னால் அடித்த கடிதத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் கூப்பிட்டும் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரே லைன் இருக்கிறது, மழைக்கு மட்டும் பழுதாகும் என்று சொன்னதாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். போஸ்ட் நடுகிற கோஷ்டி வேறு, தன்னிடம் இருப்பது பெட்டி மட்டும்தான் என்றார். நடுவில் கோடு போட்ட அந்த ஏழு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுனில் அங்கிருந்தே கந்தோருக்குப் பேசிப் பார்த்தார். மேட்டில் ஏறி நின்று அரைமணி நேரம் பேசினார். போஸ்ட் கோஷ்டி இந்தப் பகுதி வேலையை முடித்துக்கொண்டு வலப்பனைப் பக்கம் போய்விட்டதாம், இனி இங்கே திரும்ப ஆகஸ்ட், செப்டம்பர் ஆகும். விண்ணப்பமும் புதிதாகக் கொடுக்கவேண்டும். நாகலெட்சுமி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை அவர் நின்றபடியே குடித்தார். போகும்போது சுதர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எதற்கு அவர் கேட்டார்? கேட்கவேண்டியவன் நான் அங்கே மரம்போல நின்றுகொண்டிருந்தேன்.

வான் போன பிறகு அவளிடம் போனேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. என் கையை வெட்டிப் போடவேண்டும் என்றோ என்னவோ சொன்னேன். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நானும் வாசிச்சுத்தானே மாமா கையெழுத்து வச்சேன்" என்றாள். "பத்து வருசமா கொழும்புல கந்தோர்ல இருக்கேன். எனக்கும் அது நம்ம லயமாத்தான் தெரிஞ்சிச்சு."

மிச்சமிருந்த மூன்று நாளும் கையாலாகாத மூன்று நாள். துரை பங்களாவுக்கு வருகிற கம்பியில் ஒரு பிரிவு எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டோம், அது இன்னொருவர் பெயரில் உள்ள இணைப்பு என்றார்கள். என் கடையில் ஃபைபர் இருக்கிறது, இங்கே உட்கார்ந்து பேசு என்றேன். அவள் கம்பனியில் கேட்டாள். சொந்தப் பெயர், வீட்டு விலாசம் என்று அதையே திருப்பிச் சொன்னார்கள், பிறத்தியார் கடையில் வைத்து ஆட்களின் கடிதத்தை வாசிக்க முடியாதாம், நியாயம்தான். நான் அவள் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று அழகாகப் பதில் வந்தது. முப்பதாம் திகதி அவள் கோயில் மூலையில் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கு நின்றாள். மூன்றாவது நிமிடத்தில் படம் நின்றது. ஆறு பேர் பட்டியலில் வேறொருத்தியின் பெயர் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கோச்சிக்குப் போகிற அவளைக் கடையிலிருந்தே பார்த்தேன். நாகலெட்சுமியும் பிள்ளையும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பிள்ளை நாகலெட்சுமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வாங்க சித்தி என்று கையாட்டியது. சுதர்ஷினி குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, வர்றேன் மாமா என்று சிரித்தாள். எனக்கு அந்த முடக்கிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. ஆனால் ஒருவன் சமுர்த்தி நிவாரணப் படிவத்தோடு காத்துக்கொண்டிருந்தான்.

புது விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். வேண்டாம், நீயே எழுது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தேன். இல்லை என்று எழுதினேன். பட்டியல் மறுபடி திறந்தால் இணைப்பு தயாராக இருக்கட்டும் என்று அவள் சொன்னாள்.

செப்டம்பரில் ஆறு போஸ்ட்டும் வந்தது. இரண்டு நாளில் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் அதே சுனில் அதே பெட்டியோடு வந்தார். நானும் போனேன். இந்தத் தடவை சட்டை மாற்றவில்லை. நாகலெட்சுமி கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டின ஈரச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்றாள். கூரை ஒழுக்கைப் பற்றி அவள் இப்போது யாரிடமும் கேட்பதில்லை. துவாயை எடுத்துக் கணினியைப் போட்டோம், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சுனில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டி, நல்ல வேகம் என்று கட்டைவிரலை உயர்த்திவிட்டு வெளியே போனார். நாகலெட்சுமியின் பெரிய பையன் எதையோ அமுக்கினான். திரையில் தெரிந்தது கொழும்பில் ஒரு போடிங் அறை, ஒரு கட்டில், அதில் வேலை விட்டு வந்த சேலையோடு சுதர்ஷினி.

ஆர்த்திகா வாசலுக்கு ஓடியது. "அம்மா, சித்தி வந்துட்டாங்க" என்று நாகலெட்சுமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தியது.

சுதர்ஷினி சிரித்தாள். சாப்பிட்டாயா, முன்பள்ளிக்குப் போனாயா என்று கேட்டாள். பிறகு, விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"கம்பி வந்துருச்சுல்ல. இப்பக் கூப்புடுறியா?"

பிள்ளை திரையைப் பார்த்தது. மேசையைச் சுற்றிப்போய்க் கணினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து நின்றது.

"கம்பி மட்டுந்தானே வந்துருக்கு" என்றது.

நாகலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திரையைப் பார்த்தேன். சுதர்ஷினி அப்படியே சிரித்தபடி இருந்தாள். படம் நின்றுவிட்டது போல என்று ஒரு நொடி எனக்கு ஆறுதலாக இருந்தது. நிற்கவில்லை. அவள் உதடு துடிப்பதும், பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவதும், சேலையால் கண்ணை ஒற்றுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. படம் ஒரு இடத்திலாவது நின்றிருக்கலாம்.